வௌவால் தூங்குது, மேட்டால போங்க!

பிரான்சின் பர்கண்டிப் பக்கம் புவா கிளேர் என்றொரு பழைய ரயில் சுரங்கம் இருக்கிறது. நீளம் 1,600 மீற்றர் சொச்சம். ரயில் எப்போதோ நின்றுவிட்டது. இப்போது அதற்குள்ளால் போவது சயிக்கிள்கள்தான். கோடை வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு உள்ளே நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் பல் கிட்டத் தொடங்கிவிடும். இவ்வளவு சுகமான சுரங்கத்தைக் குளிர்காலம் பிறந்ததும் இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். திருத்த வேலையாக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. உள்ளே வௌவால் தூங்குகிறது! வசந்தம் வந்து அவை கண் விழிக்கும்வரை மனுசர் மலைக்கு மேலால் மூச்சு வாங்க ஏறி இறங்க வேண்டியதுதான்.

இந்தப் புதினத்தைக் கல்முனையில் எனக்குச் சயிக்கிள் திருத்தித் தரும் காக்காவிடம் சொன்னேன். றிம்மில் நெளிவு எடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. “அந்த நாட்டில மனுசனுக்கு லொறிக் கரைச்சல் இல்ல, வௌவாலுக்கு மனுசன்ட கரைச்சல் இல்ல. நல்ல சட்டம்தான் தம்பி” என்றார்.

கூத்துக் களரியில் ராசா வேசக்காரர் உடுப்புக் கட்டுமுன் சாரத்தோடு குந்தியிருந்து வெற்றிலை போடுவதை ஓலை இடுக்கால் எட்டிப் பார்த்த சின்னப் பிள்ளைக்கு ஒரு கிளுகிளுப்பு வருமே, அதுதான் இந்தப் பாதைகளின் பின்பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு வந்தது. முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும். திராட்சைத் தோட்டம், கல் வீடு, ஜன்னலில் சிவப்புப் பூச்சாடி, முன்கூடையில் நீட்டுப் பாண் வைத்து ஓட்டிப்போகும் கிழவி. அதெல்லாம் படத்துக்கு. வாங்க, ஓலையை விலக்குவோம்.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சின்னது. 2004 செப்டெம்பரில் பிரெஞ்சுக்காரர் தங்கள் வீதிச் சட்டத்தில் ‘வுவா வேர்த்’ என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். பச்சைப் பாதை. நடப்பவர், சயிக்கிள், சில்லுச் சப்பாத்து, சக்கர நாற்காலி, குதிரை எல்லாம் போகலாம்; எஞ்சின் பூட்டியது பொதுவாகப் போகக்கூடாது. மிதித்தால் மட்டும் துணைக்கு வரும் மின் சயிக்கிளுக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் இதற்கு ஓர் அண்ணன்காரன் இருக்கிறான், ‘வேலோரூட்’. நெடும் பயணப் பாதை. வரைபடத்தில் இருவரும் ஒரே வடிவான கோடு. நிலத்திலோ, அண்ணன் கொஞ்சத் தூரம் பச்சைப் பாதையில் கூட்டிப்போய்விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊர் வீதியில் இறக்கிவிடுவான். பின்னால் உழவு மெஷின் வந்து ஹோன் அடிக்கும். லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீற்றர் ஓடும் உலகப் புகழ் பாதைகூட முழுக்க வாகனமில்லாதது அல்ல. பிள்ளை குட்டியோடு போகிறவர்கள் மொத்தம் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டுப் பயனில்லை. அதில் பச்சை எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இனி ரகசியம். காதைக் கொடுங்கள். இந்தப் பச்சைப் பாதைகளில் நிறையவற்றை யாரும் சயிக்கிளுக்காக வெட்டவே இல்லை!

1879இல் ஃபிரெசினே என்ற அமைச்சர், சின்னச் சின்னப் பட்டினத்துக்கெல்லாம் ரயில் விடுவதென்று திட்டம் போட்டார். போட்ட பாதைகளில் நிறைய, பஸ்ஸும் லொறியும் வந்த பிறகு ஆளில்லாமல் போயின. தண்டவாளத்தைக் கழற்றினார்கள். மிஞ்சியது என்ன? வெட்டிய மலை, நிரப்பிய பள்ளம், கட்டிய பாலம், குடைந்த சுரங்கம். அத்தனையும் ஏற்றம் என்றால் முகம் சுழிக்கும் நீராவி எஞ்சினைத் தாஜா பண்ணச் செய்த வேலை. நூறு மீற்றர் போனால் மூன்று மீற்றர் ஏறுவதே அந்தப் பாதைகளில் பெரிய ஏற்றம். எஞ்சினுக்குச் செய்த உபசாரத்தை நம் முழங்கால் அனுபவிக்கிறது. 1997இல் ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கிலோமீற்றர் திறந்தார்கள். நாட்டின் முதல் பச்சைப் பாதை அதுதான். வௌவால் சுரங்கம் அதே பாதையின் நீட்சியில், மாக்கோன் போகும் வழியில் வருகிறது.

பழைய ஸ்டேஷன் மேடைகள் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன. ரயில் கடவைக் காவற்காரரின் குட்டி வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் உடுப்புக் காய்கிறது. இரண்டு பக்கமும் மேடை, நடுவால் நீங்கள். அந்த இடத்தில் நீங்கள்தான் ரயில்! வாயால் ஒரு ‘கூ’ போடாமல் கடக்க முடிந்த பெரிய மனுசர் யாராவது இருந்தால் அவரை நான் காண வேண்டும்.

போர்தோ பக்கம் இப்படியான ஒரு ரயில் பாதைக்கு ரோஜே லபெபி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1937இல் டூர் டி பிரான்ஸ் வென்றவர். அந்த ஆண்டில்தான் கியர் மாற்றும் டெரெயிலரைப் போட்டிக்காரருக்கு அனுமதித்தார்கள். அதுவரை அமைப்பாளர் ஹென்றி தெகிராஞ்ச் அந்தச் சாமானைக் கண்ணில் காட்டவிடவில்லை. ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பே சாதாரண சனங்களுக்குக் கியரின் சுகத்தைப் பிரசங்கம் பண்ணித் திரிந்தவர் செந்த் எத்தியென் நகரத்துப் போல் தெ விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதுவார்; சயிக்கிள் சுற்றுலாவின் தகப்பன் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்த மனுசர் 1930இல் எப்படி இறந்தார் தெரியுமா? நகரத் தெருவில் ட்ராம் மோதி. வாகனமில்லாப் பாதைக்கு அதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

ரயில் பாதைகள் போதும். என் மனசு விழுந்தது கால்வாயில்.

தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல்பக்கம் 240 கிலோமீற்றர் ஓடுகிறது ‘கனால் டு மிடி’. கட்டியவர் பியர் போல் ரிக்கே. பொறியியலாளர் அல்ல, உப்பு வரி வசூலிக்கும் குத்தகைக்காரர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இந்தப் பைத்தியம் பிடித்தது. 1666இல் அரச ஆணை கிடைத்தது, சுமார் 12,000 பேர் மண் வெட்டினார்கள், பைரனீஸ் மலைப் பெண்கள் கூடை சுமந்தார்கள், 1681 மே மாதம் திறப்பு விழா. ரிக்கே அதைப் பார்க்கவில்லை; முந்திய ஒக்டோபரிலேயே கண்ணை மூடிவிட்டார். மழை பெய்து வேலை நின்ற நாளுக்கும் கூலி கொடுத்தவர் என்று சொல்கிறார்கள். நம் வட்டைகளில் கூலிக்கு நாற்று நடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவார்கள்.

அவருடைய வித்தை இதுதான். கால்வாய் ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். தண்ணீர் மேட்டில் ஏறாது. ஏறாவிட்டால் என்ன, மேட்டின் உச்சியிலேயே கொண்டுவந்து ஊற்றினால்? கறுப்பு மலையின் ஓடைகளைப் பிடித்தார். சான் ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கினார். அங்கிருந்து ஒரு சின்ன வாய்க்காலால் மெல்ல நடத்தி, கடல் மட்டத்திலிருந்து 189 மீற்றர் உயரத்தில் நூரூஸ் என்ற இடத்தில் கால்வாய்க்குள் விட்டார். அங்கே வரும் தண்ணீரில் ஒரு பங்கு மேற்கே அத்திலாந்திக் பக்கம், மற்றது கிழக்கே மத்தியதரைக் கடல் பக்கம்! நான் ஒரு காய்ந்த இலையைப் போட்டுவிட்டு எந்தச் சமுத்திரத்துக்குப் போகிறது பார்ப்போம் என்று காத்திருந்தேன். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரையில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் படகை இழுத்தது குதிரை. தூலூசில் ஏறினால் கடலோரம் இறங்க நான்கு நாள். குதிரை நடக்க ஒரு பாதை வேண்டும் அல்லவா, கால்வாய் நீளத்துக்கும் கரையில் போட்டார்கள். முந்நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு நாம் சயிக்கிள் மிதிப்பது அந்தக் குதிரைப் பாதையில்தான்.

படகு மேலே ஏறுவதைக் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கனத்த கதவு போட்ட ஒரு கல் தொட்டி. படகு உள்ளே வரும், பின்கதவு மூடும், முன்கதவின் அடியில் உள்ள பலகையைத் தூக்குவார்கள். வருமே ஒரு இரைச்சல்! வெள்ளைத் தண்ணீர் பாய்ந்து, படகு கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடி ஆடி உயரும். கீழே கிடந்தவரின் தொப்பி முதலில் தெரியும், பிறகு முகம், பிறகு கையில் இருக்கும் கோப்பிக் கோப்பை. தொட்டியின் சுவர் நேராக இல்லை, வெளிப்பக்கம் வயிறு தள்ளி இருக்கும். முதலில் நேராகத்தான் கட்டினார்களாம். மண் நெருக்கி இடிந்து விழுந்தபிறகு ரிக்கே சுவரை வளைத்துவிட்டார். பக்கத்தில் காவற்காரர் வீடு. அதன் சுவரில் ஒரு பலகை: இந்தத் தொட்டியின் பெயர், முந்தியதற்கு இத்தனை மீற்றர், அடுத்ததற்கு இத்தனை மீற்றர். படகுக்காரருக்கு எழுதியது, சயிக்கிள்காரருக்கு இலவச மைல்கல். இரண்டு தொட்டிகளுக்கு நடுவே பாதை ஒரு இம்மியும் ஏறாது. தொட்டி வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு; இரண்டு மிதி ஊன்றி மிதித்தால் முடிந்தது.

இன்னொரு வேடிக்கை. மத்தியானம் சாப்பாட்டு நேரம் என்றால் தொட்டிக்காரர் கதவை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். படகுகள் வரிசையில் நிற்கும், பெரும் பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்த படகானாலும். நாம் கை காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்த நிமிசம் தரும் அற்பச் சந்தோசம் இருக்கிறதே!

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரு கரையிலும் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. ‘நின்றன’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு ஒரு பூஞ்சை பிரான்சில் இறங்கியது. தெற்கே மரம் மரமாகத் தாவி, 2006இல் இந்தக் கால்வாயைப் பிடித்தது. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தையும் பக்கத்தில் நிற்பவற்றையும் வெட்டி, அந்த இடத்திலேயே எரிக்கிறார்கள். வெட்டும் நாட்களில் பாதை அடைபட்டு, சயிக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பிவிடுவார்கள். இப்போது துருக்கி ஓக் உட்பட வேறு இனங்களை நட்டு வருகிறார்கள். சுற்றுலாப் படங்களில் நீங்கள் காணும் பச்சைக் குகை பல இடங்களில் படத்தில்தான் இருக்கிறது. வெயில் தொப்பி கொண்டுபோங்கள்.

தார் எங்கே போட்டிருக்கிறது, எங்கே இல்லை என்பதில் அரசியல் இருக்கிறது. பாதைக்குச் செலவழிப்பது பெரும்பாலும் அந்தந்த மாவட்ட நிர்வாகம். தூலூசிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவுக்கு நல்ல தார். அப்புறம் அடுத்த மாவட்டம் தொடங்க, மண்ணும் மர வேரும். திருத்தி வருகிறார்கள் என்றாலும், எல்லை எங்கே என்று அறிவிப்புப் பலகை பார்க்கத் தேவையில்லை. உங்கள் பின்பக்கமே அறிவித்துவிடும். தார் முடியும் இடத்துக்குக் கிட்டப் போர் லோராகே என்ற துறை இருக்கிறது. ஒரு பக்கம் படகுகள் அசைந்து நிற்கின்றன, மறுபக்கம் ஏ61 அதிவேகப் பாதை. அது நெடுஞ்சாலைக்காரர் இளைப்பாறும் இடமும்கூட! வாகனமில்லாத பாதையில் நின்று லொறி இரைச்சலைக் கேட்டபடி கோப்பி குடிக்கலாம். படம் எடுப்பவர்கள் கமராவைக் கவனமாகக் கால்வாய்ப் பக்கம் திருப்புவதை அங்கேதான் கண்டேன்.

இத்தனையும் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு குறுகுறுப்பு. தேக்கம், துரிசு, வாய்க்கால், கரையில் ஒரு பாதை. அட, இது நம்ம ஊர்ச் சாமான்!

சொறிக்கல்முனையில் பிறந்து வளர்ந்தவருக்கு வாய்க்கால் கட்டில் சயிக்கிள் ஓட்டுவதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைத்து, இங்கினியாகலவில் அணை கட்டி, இடதுகரை வாய்க்காலால் தண்ணீரை இந்தப் பக்கம் இறக்கினார்கள். சேனநாயக்க சமுத்திரத்துக்குள் ரிக்கேயின் சான் ஃபெரியோலை நூறு தடவைக்கு மேல் கொட்டலாம். பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு, கட்டின் மேல் கிறவலோ மண்ணோ ஒரு பாதை. கொளனிகளையும் சவளக்கடை, அன்னமலைப் பக்கத்து வட்டைகளையும் தார் வீதியே தொடாமல் சுற்றி வரக்கூடிய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். மண்வெட்டி பாரில், சாப்பாட்டுப் பார்சல் ஹேண்டிலில். அவர்களைப் பிடித்து நீங்கள் சயிக்கிள் சுற்றுலாப் பயணி என்று சொன்னால் துரத்தி அடிப்பார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு, அது ஓட்டும்போது காலுக்குத் தெரியும். அவர்களுடையது படகுக் கால்வாய். தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும், அதனால் பாதை மட்டம். நம்முடையது பாசன வாய்க்கால். தண்ணீர் ஓட வேண்டும், அதனால் கண்ணுக்குத் தெரியாத சரிவு. கடல் பக்கம் வரும்போது சயிக்கிள் தானே உருளுவதுபோல் இருப்பது காற்றின் தயவு மட்டும் அல்ல.

மற்ற வித்தியாசங்களைச் சொன்னால் நமக்கு வெட்கம், சொல்லாவிட்டால் பொய். நம் கட்டில் மோட்டார் சயிக்கிளும் லேண்ட்மாஸ்டரும் தாராளமாக வரும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் யானையும் வரும். வௌவாலுக்காகச் சுரங்கத்தைப் பூட்டுவது பிரான்ஸ். யானைக்காகப் பொழுதுபடுமுன் வீட்டுக்குள் நம்மை நாமே பூட்டிக்கொள்வது நாங்கள். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, ஆற்றுவாழை வந்து அடைத்தால் கல்முனைக்குப் போகச் சயிக்கிள் என்ன, பஸ்ஸும் உதவாது. ஆனால் மாசி பங்குனியில் தண்ணீர் வடிந்து கட்டு இறுகிய பிறகு விடியற்காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கொக்கு, நாரை, பச்சை, தூரத்தில் திருச்சிலுவைக் கோயில். அறிவிப்புப் பலகையும் வாகனத்தை மறிக்க இரண்டு இரும்புத் தூணும் மட்டும்தான் குறை. தோட்டக்காரரின் பழைய தேயிலைப் பாதைகளைக் கோத்து மலைநாட்டில் 300 கிலோமீற்றர் ‘பீக்கோ ட்ரெயில்’ போட்ட நாடு இது. நடப்பவருக்கு அங்கே செய்ததை மிதிப்பவருக்கு இங்கே செய்தால் என்ன? நீர்ப்பாசனத் திணைக்களம் வாய்க்கால் துப்புரவு செய்யும்போது கட்டையும் கொஞ்சம் தட்டி மட்டப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது.

பிரெஞ்சுத் தொடர்பும் நமக்குப் புதிதல்ல. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவான பின் அதன் முதல் ஆயராக வந்த சார்ல்ஸ் லவின் பிரெஞ்சு இயேசு சபைக்காரர். இப்போது போக்குவரத்து எதிர்ப்பக்கம்: நம் பிள்ளைகள் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில். அவர்களுக்குத்தான் இந்தக் கடைசித் தகவல், ஏனென்றால் கடைக்குப் பக்கத்தில் பொக்கிசத்தை வைத்துக்கொண்டு வருசக்கணக்காக மெற்றோவில் போய்வருகிறார்கள். லாச்சப்பலிலிருந்து நடக்கும் தூரத்தில் வில்லெத் துறை. அங்கே தொடங்குகிறது ஊர்க் கால்வாய். ‘ஊர்க்’ ஆற்றின் பெயர், நம் ஊர் அல்ல. பாரிசுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர 1802இல் நெப்போலியன் உத்தரவு போட்டு வெட்டியது. இன்றும் நகரத் தெருக்களைக் கழுவுவது அந்தத் தண்ணீரில்தான். கரையோரமாகப் பந்தான், பொபினி, பொந்தி, செவ்ரான் என்று நம்மவர் குடியிருக்கும் இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு முப்பது கிலோமீற்றர் அளவுக்குச் சயிக்கிள் பாதை. உங்கள் சின்னம்மாவின் மகன் வீட்டு ஜன்னலால் தெரிந்தாலும் தெரியும். அடுத்த முறை அவர் அழைப்பு எடுக்கும்போது கேளுங்கள்.

கொஞ்சம் துணிந்தால் தூலூஸ். பிரதேச ரயிலில் சயிக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், பெரும்பாலும் தனிக் காசில்லாமல். நூரூஸைத் தாண்டி ஓட்டி, காஸ்தெல்நோதாரியில் ரயிலேறித் திரும்பிவிடலாம். அந்த ஊரின் பெருமை ‘காசுலே’ என்ற பயற்றஞ்சட்டி. வாத்தும் பன்றி இறைச்சியும் போட்டது, ஆகையால் கல்முனை நண்பர்கள் பாணும் சீஸும் வாங்கிக்கொள்ளுங்கள். இராத் தங்குவதென்றால் ‘அக்கே வேலோ’ என்ற சின்னம் உள்ள இடம் பாருங்கள்: பாதையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கும், சயிக்கிளைப் பூட்டி வைக்க அறை இருக்கும், திருத்தும் சாமான்கள் இருக்கும்.

“அதெல்லாம் சரி தம்பி, காத்துப் போனா?” என்றார் காக்கா. அங்கே வால்வே வேறு, காக்கா. ஒல்லியாக, நுனியில் ஒரு குட்டித் திருகு. அதைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். நம் டன்லப் வால்வுப் பம்பு அதில் பிடிக்குமோ தெரியாது. பழைய ரியூப் ஒன்றிலிருந்து வெட்டிக் கொண்டுவந்ததை அவர் கையில் கொடுத்தேன். திருகைத் திறந்தார், மூடினார், வாயில் வைத்து ஊதினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுக்கு ஒரு வோஷர் தேடி எடுத்தா நம்ம பம்பையும் பூட்டலாம்” என்று சொல்லிவிட்டு ஆணிப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டத் தொடங்கினார். என் சயிக்கிள் அன்றைக்குத் தயாராகவில்லை.